நகத்துக்கு நாம் சொல்லிவந்த காரணங்கள்

சேலம் சூரமங்கலத்தில் யார் கையை நீட்டினாலும் அந்த நகத்துக்கு ஒரு காரணம் உடனே கிடைத்துவிடும். மஞ்சளாக இருக்கிறதா, கொலுசுப் பட்டறையில் ஆசிட் பட்டிருக்கும். ஓரம் பிய்ந்து தோல் எழும்பியிருக்கிறதா, குச்சிக்கிழங்கு உரிக்கிற கை அப்படித்தான் இருக்கும். குழி விழுந்திருந்தால் கால்சியம் பத்தவில்லை. தடித்துப் போயிருந்தால் சொத்தை நகம். உடைந்தால் துணி சோப்பு. காரணம் தெரியாத நகம் என்று ஒன்றை நாம் வைத்துக்கொண்டதே இல்லை. கேள்வி எழுவதற்கு முன்பே பதில் தயாராக இருந்ததால், கேட்க வேண்டிய எவரும் கேட்கவில்லை. இதில் வீட்டிலுள்ளவர்கள், பட்டறை நடத்துகிறவர்கள், மெடிக்கல் கடைக்காரர்கள், முகாமுக்குப் பந்தல் போடுகிற நலச்சங்கங்கள், இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்புகிற மருத்துவர்கள், உடல்நலக் கட்டுரை எழுதுகிறவர்கள் என நம் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

கையால் பிழைக்கிற ஊர் இது. ஜங்ஷனை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலை கையில்தான். சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்பதும் மெருகு போடுவதும் வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்ட தொழில். ஜாகீர் அம்மாபாளையத்தில் 1981 முதல் இருக்கிற கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வுக்கு ஜவ்வரிசி மூட்டை வந்து சேர்வதற்குள் அந்தக் கிழங்கு எத்தனையோ ஈரக் கைகளைத் தாண்டி வருகிறது. தறி, சாயப்பட்டறை, உழவர் சந்தை, ரயில்வே என எல்லாமே விரலைத் தேய்க்கிற வேலைகள். அதனால் நம் கண் ஒன்றைப் பழகிக்கொண்டது: கையில் தெரிவது தொழிலின் தடம். அது உடம்பின் தடமாகவும் இருக்கலாம் என்று அந்தக் கண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இத்தனைக்கும் நகத்தை நாம் கவனிக்காதவர்கள் அல்ல. செவ்வாய், வெள்ளியில் வெட்டக் கூடாது, விளக்கு வைத்தபின் வெட்டக் கூடாது என்று நாள் பார்த்தோம். கொக்கு கூட்டமாகப் பறந்தால் பிள்ளைகள் நகத்தை நீட்டிப் பூ கேட்டார்கள். வெள்ளைப் புள்ளி விழுந்தால் புதுத்துணி வரும் என்றோம். பிரேயரில் ஆசிரியர் வரிசையாகக் கையை நீட்டச் சொல்லி அழுக்கு இருக்கிறதா, நீளமாக வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். நகச்சுத்தி வந்தால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டினோம். வாரந்தோறும் ஒரு தலைமுறையின் நகங்களை எல்லாம் ஒரே நேரத்தில் நீட்டவைத்துப் பார்த்த சமூகம் இது. பார்த்ததெல்லாம் அழுக்கை மட்டும்தான்.

அந்த வெள்ளைப் புள்ளிகளால் கேடு ஒன்றுமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நகம் முளைக்கும் வேரில் படுகிற சிறு அடிகளால் வருபவை அவை. கால்சியத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. வயதானவர்களுக்கு நீளவாக்கில் வரி விழுவதும் இயல்பு. கருத்த தோலுடைய நம்மில் பலருக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இருக்கும், அதுவும் பெரும்பாலும் இயல்பே. ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகிற கருங்கோட்டை மட்டும் உடனே காட்ட வேண்டும். நகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டே இருக்கச் சொல்வது என் நோக்கமல்ல. பெரும்பாலான நகக் கோளாறுகள் அடி, ஈரம், பூஞ்சை இவற்றால் வருபவைதான். மீதிக் கொஞ்சத்தைத்தான் நாம் கைவிட்டோம், அந்தக் கொஞ்சத்துக்குள் இருப்பவை விளையாட்டான நோய்கள் அல்ல.

கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து நுனிக்கு வந்து சேர ஆறு மாதம் ஆகும். 1846இல் பிரான்சின் ழோசஃப் போ என்கிற மருத்துவர், கடும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களின் நகங்களில் குறுக்காக ஒரு பள்ளம் விழுவதைக் குறித்துவைத்தார். அந்தப் பள்ளம் வேரிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் நோய் வந்த மாதத்தைச் சொல்லிவிடலாம். டெங்குவோ டைபாய்டோ வந்து தேறியவர்களிடம் இன்றும் அதைப் பார்க்கலாம். கடந்த அரை ஆண்டில் உடம்புக்குள் நடந்தது விரல் நுனியில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிப்பதற்கு நமக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை. ஜன்னல் வெளிச்சம் போதும்.

உடம்பைக் காக்க வேண்டிய தடுப்பாற்றல் உடம்பையே தாக்கத் தொடங்குவதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறார்கள். சொரியாசிஸ், லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, மயோசிடிஸ், சிலவகைத் தைராய்டு நோய்கள், நாம் புழுவெட்டு என்கிற திட்டுத் திட்டான முடி உதிர்வு ஆகியவற்றை இந்த வகையில் வைக்கிறார்கள். புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கத் தெரிந்த நாம், அதே பிள்ளையின் நகங்களில் நுண்ணிய குழிகள் வரிசை வரிசையாக ஓடுவதைப் பார்த்ததில்லை. சில பிள்ளைகளுக்கு இருபது நகங்களும் உப்புத்தாளில் தேய்த்தாற்போல் சொரசொரப்பாகிவிடும். பெரும்பாலும் ஆண்டுகள் போகப் போக அது தானே சரியாகிறது. ஆனால் லைக்கன் பிளானஸ் என்கிற நோய் நகவேரைப் பிடித்தால் நகம் மெலிந்து, பிளந்து, கடைசியில் தோல் முன்னே வளர்ந்து நகம் இருந்த இடத்தையே மூடிவிடும். அந்தத் தழும்பு திரும்பாது. தொடக்கத்தில் சிகிச்சை கொடுத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பதுதான் அதில் கொடுமை.

சொரியாசிஸ் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தெருக்களில் அது அதிகம் தெரிந்த நோய். நாம் அதிகம் மறைத்த நோயும் அதுவே. தலையிலும் முழங்கையிலும் செதில் உதிர்ந்தால் வெட்பாலைத் தைலம் வாங்கிவந்து வெயிலில் நிற்கிற பழக்கம் நமக்கு உண்டு. பெண் பார்க்க வரும்போது முழுக்கை ரவிக்கை. நகத்தைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நகம் மாறுகிறது. அதோடு மூட்டுவாதமும் சேர்ந்தவர்களில் இந்த அளவு ஐந்தில் நான்கு பேர்வரை போகிறது. குண்டூசியால் குத்தியது போன்ற ஒழுங்கற்ற குழிகள், நகத்துக்கடியில் எண்ணெய் சொட்டியதாகத் தெரிகிற மஞ்சள்-பழுப்புத் திட்டு, நகம் சதையை விட்டுப் பிரிந்து நிற்பது, அடியில் செதில் சேர்ந்து தடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். கடைசி இரண்டும் பூஞ்சையிலும் வரும். இங்கேதான் நாம் அதிகம் தவறியிருக்கிறோம். நகத்தைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். செலவு மிகக் குறைந்த சோதனை. அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை விழுங்கியவர்கள் எத்தனை பேர் என்று நம் மருந்துக் கடைகளின் பில் புத்தகங்களுக்குத்தான் தெரியும்.

நகத்துக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். விரலின் கடைசி மூட்டை நிமிர்த்துகிற தசைநாணின் இழைகள் நகவேரைச் சூழ்ந்து போய்ப் பிடித்திருக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டென்னிஸ் மெக்கோனகலும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை விளக்கமாகக் காட்டினார்கள். தசைநாண் எலும்பைப் பிடிக்கும் இடத்தில் தொடங்குகிற அழற்சி நகத்தைத் தொடாமல் இருப்பது கடினம். 2006இல் வகுத்த காஸ்பர் அளவுகோலில் சொரியாசிஸ் மூட்டுவாதத்தை வகைப்படுத்த மூன்று மதிப்பெண் வேண்டும்; நகச் சிதைவுக்கு அதில் தனியாக ஒரு மதிப்பெண் இருக்கிறது. உலகமே மதிப்பெண் போட்டு வைத்திருக்கிற ஓர் அடையாளத்துக்கு நம் மருத்துவ முகாம் படிவங்களில் ஒரு கட்டம்கூட இல்லை.

"நகம் வளர்ந்தா சரியாப் போயிரும், விடுங்க அக்கா." இதை நாம் ஆறுதலாகத்தான் சொன்னோம், அன்போடுதான் சொன்னோம். ஒரு நகம் முழுதாக வளர ஆகிற காலம் ஆறு மாதம் என்று மேலே சொன்னேன். 2015இல் அயர்லாந்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் அறிகுறி தொடங்கி ஆறு மாதத்துக்குமேல் தாமதித்து மூட்டுவாத மருத்துவரிடம் போனவர்களுக்கு எலும்பு அரிப்பும் செயல்குறைவும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நாம் ஆறுதலாகச் சொன்ன தவணையும் மூட்டைக் காப்பாற்றக் கிடைத்திருந்த தவணையும் ஒன்றாக இருந்திருக்கின்றன. கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிற விரல் மடங்காமல் போனபிறகு ஜி.எச்.சுக்குப் போனவர்களிடம் "இது எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டால் மூட்டு வலித்த மாதத்தைச் சொல்வார்கள். நகம் அதற்கு முன்பே மாறியிருந்ததா என்று கேட்டால்தான் யோசிப்பார்கள்.

மாத்திரை விஷயத்திலும் நம் பங்கு பெரிது. நகம் உடைகிறது என்றால் கேட்காமலே எடுத்துத் தருவது கால்சியமும் பயோட்டினும். பயோட்டின் உண்மையில் ஆபத்தான பொருள் இல்லை. ஆனால் அதிக அளவில் எடுக்கும்போது அது சில ரத்தப் பரிசோதனைகளைத் திரித்துவிடுகிறது. 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தைராய்டு பரிசோதனை அந்த வகையில் ஒன்று. தைராய்டு அதிகமாகச் சுரக்கிற கிரேவ்ஸ் நோயில் நகம் சதையை விட்டுப் பிரிவதுண்டு. ஆக, நகத்துக்காக விழுங்கிய மாத்திரை, அந்த நகத்துக்குக் காரணம் என்ன என்று சொல்ல வேண்டிய சோதனையையே குழப்பிவிடக்கூடும். ரத்தம் கொடுக்கப் போகிறவரிடம் பயோட்டின் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பதற்கு லேப் வாசலில் ஒரு சிறு அட்டை போதும். அதைத் தொங்கவிட வேண்டும் என்று நம்மில் யாருக்கும் தோன்றவில்லை.

இதுவரை பேசியது நகத்தைப் பற்றி. நகத்தைவிட அதிகம் பேசக்கூடியது நகக்கண்ணைச் சுற்றியுள்ள தோல். அங்கே ரத்தத் தந்துகிகள் தோலின் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. வேறு இடங்களில் நுனியை மட்டும் காட்டுகிற நாளங்கள் இங்கே முழு நீளத்தையும் காட்டுகின்றன. ஸ்க்ளீரோடெர்மாவில் அவை வீங்கிப் பெருத்து, இடையிடையே அழிந்து வெற்றிடமாகின்றன. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தோல் மருத்துவர் வைத்திருக்கிற டெர்மாஸ்கோப்பாலோ கண் பார்க்கும் ஆஃப்தால்மாஸ்கோப்பாலோகூட இதைப் பார்க்கலாம். 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் ஒன்பது மதிப்பெண் வந்தால் ஸ்க்ளீரோடெர்மா. அதில் நகமடிப்பு நாளங்களின் மாற்றத்துக்கு இரண்டு, குளிரில் விரல் வெளுத்து நீலமாவதற்கு மூன்று.

விரல் வெளுப்பதை 1862இல் மோரிஸ் ரேனோ விவரித்தார், அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. சேலத்து வெயிலில் அது எளிதில் கண்ணில் படாது. மார்கழி விடியலில் வாசல் தெளிக்கிறபோது, ஏற்காட்டுக்குப் போன அன்று, ஏ.சி. பெட்டியில் இரவெல்லாம் பயணம் செய்தபோது விரல் சுண்ணாம்பாய் வெளுத்ததாகப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். ரத்தம் கம்மி என்றோம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். ரத்தசோகையில் நகம் வெளுப்பதும் கரண்டியாய்க் குழிவதும் உண்மைதான், நம் பெண்களிடம் அதிகமும்கூட. அது தெரிந்திருந்ததாலேயே வேறொன்றைத் தேடாமல் நின்றுவிட்டோம்.

2022 அக்டோபரில் நடிகை சமந்தா தனக்கு மயோசிடிஸ் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அன்று வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் பேசப்பட்டது. ஊடகங்கள் அவர் எந்தப் படத்திலிருந்து விலகினார், எங்கே சிகிச்சை எடுத்தார் என்று எழுதின. தசை பலவீனம் என்றால் என்ன, மாடிப்படி ஏற முடியாமல் போவது எப்படித் தொடங்கும் என்று விளக்கக் கிடைத்த வாய்ப்பை நாம் நழுவவிட்டோம். மயோசிடிஸ் வகைகளில் ஒன்றான டெர்மடோமயோசிடிஸில் நகக்கண் தோல் சிவந்து, கிழிந்து, அழுத்தினால் வலிக்கும். பெரியவர்களில் சிலருக்கு அந்த நோயோடு உள்ளே புற்றுநோயும் மறைந்திருப்பதுண்டு என்பதால் அதைத் தேடிப் பார்ப்பார்கள். அந்தத் தகவல் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரு நகக்கண்ணில் இருக்கிறது.

சிவப்பு என்று எழுதும்போதே ஒரு தயக்கம் வருகிறது. பாடநூல்களின் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல் கைகள். நம் கையில் அந்தச் சிவப்பு கருநீலமாகவோ வெறும் கருமையாகவோ தெரியும். ஆசிட் பட்டு, சாயம் ஏறி, கிழங்குப் பால் கறைபிடித்த கையில் அதைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். நம் கைகளின் படங்களைச் சேர்த்து, இது வேலைக் கறை, இது நோய் என்று ஒரு சுவரொட்டியாவது சேலத்துத் தோல் மருத்துவர்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து செய்திருக்கலாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இலிருந்து இந்த ஊரில் இருக்கிறது. போய்க் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

வேலைக் கறையைப் பிரித்தறிய ஒரு வழி அங்கே போகாமலே தெரிந்திருக்க வேண்டியது. வேலை எந்த விரலைத் தொடுகிறதோ அந்த விரலில்தான் வேலைத் தடம் இருக்கும். ஆசிட் தொடாத இடது சுண்டுவிரலிலும் அதே குழி, அதே பிரிதல் என்றால் ஆசிட் மேல் பழி போட முடியாது. இரண்டு கைகளிலும் பல நகங்கள் ஒன்றாக மாறுவது, காலையில் விரல் விறைத்து அரைமணி நேரம் மடங்காமல் இருப்பது, குடும்பத்தில் யாருக்காவது சொரியாசிஸ், இவை சேர்ந்தால் தோல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. சூரமங்கலத்திலிருந்து ஜி.எச். எவ்வளவு தூரம்? சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே கிடையாது. தூரத்தைக் காரணம் காட்ட முடியாது. ஒரு நாள் கூலி போகும் என்பதுதான் காரணம், அந்தக் கூலியைப் பிடித்தவர்களும் நாமே.

லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். ஸ்க்ளீரோடெர்மாவும் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். பெண்ணின் நகத்தை நாம் எப்படிப் பார்த்தோம் என்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மருதாணி சிவந்திருக்கிறதா என்று பார்த்தோம். அசிங்கமாக இருக்கிறது, பாலிஷ் போட்டு மறை என்றோம். மறைத்ததை மருத்துவரிடம் போகும்போது அழித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்குத் தன் விரலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்க்க நேரம் இருந்ததா என்றும் கேட்கவில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று நம் வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. கையைப் பிடித்துத்தான் விரலில் ஊசி குத்துகிறார்கள். குத்துவதற்கு முன் பத்து நகங்களையும் திருப்பிப் பார்க்கச் சில விநாடிகள் ஆகும். தொழுநோய்க்காக ஒரு காலத்தில் சட்டையைக் கழற்றி, உணர்ச்சியில்லாத தேமலைத் தேடிப் பார்த்த பணியாளர்கள் நம் பள்ளிகளுக்கு வந்தார்கள். எளிய அடையாளத்தை எளிய பணியாளர் கண்டுபிடிக்க முடியும் என்பதை இந்த மாநிலம் அப்போதே நடத்திக் காட்டியது. கேட்டால் செய்திருப்பார்கள். வார்டு கூட்டத்தில் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் மனு கொடுத்த நாம் இதைக் கேட்டதில்லை.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது, எனக்கு அதிகம் உறுத்துவதும் அதுதான். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பைரம் பிராம்வெல் என்கிற மருத்துவர் 1914இலேயே தன்னிடம் வந்த ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளில் கல்தச்சர்கள் அதிகமாக இருப்பதை எழுதினார். 1957இல் எராஸ்மஸ் என்கிற மருத்துவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் அதையே கண்டார். கல்லிலிருந்து பறக்கிற சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. ஸ்க்ளீரோடெர்மா, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களின் வாய்ப்பையும் கூட்டுகிறது. நம் மாவட்டமும் நாமக்கல்லும் கருங்கல்மேல் உட்கார்ந்திருக்கின்றன. குவாரியும் கிரஷரும் சுற்றிலும் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர் போடப் போகின்றன. கம்ப்ரஸர் காற்றில் பாறை மாவாகி எழும்புகிற அந்த வெள்ளைப் புகைக்குள் முகத்தில் ஒரு துண்டோடு நிற்கிறார்கள் பையன்கள். தண்ணீர் சேர்த்துத் துளைத்தால் தூசு குறையும், அது ரிக் முதலாளிகளுக்குத் தெரியும். அந்த விரல்கள் வெளுத்து நீலமாவதையும் நகக்கண் கிழிவதையும் கண்டால் யோசிக்க வேண்டும் என்று நாம் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இப்போது ரிக்கிலும் கிரஷரிலும் சேகோ மில்லிலும் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்தவர்கள். சூரமங்கலம் ஜங்ஷனில்தான் இறங்குகிறார்கள். குடும்ப அட்டையும் வீட்டு முகவரியும் கேட்டுப் பதிவு செய்கிற நம் முகாம் வரிசைகளில் அவர்களுக்கு இடம் இருப்பதில்லை. தமிழில் அடித்த நோட்டீஸ் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. சிலிக்கா தூசு பல ஆண்டுகள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். அதற்குள் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். அங்கே ஒரு மருத்துவர் அந்த நகத்தைப் பார்த்து, எங்கே வேலை செய்தாய், எத்தனை வருஷம், கல்லா மண்ணா என்று கேட்டால் சொல்வதற்கு அவர்கள் கையில் ஒரு துண்டுச்சீட்டாவது இருக்க வேண்டும்: இன்ன ரிக், இன்ன வேலை, இத்தனை ஆண்டு தூசில் நின்றார் என்று. அதை எழுதிக் கொடுப்பதற்கு ஒரு பேனாவும் முதலாளியின் கையெழுத்தும் போதும். இந்தச் சீசனிலிருந்து கொடுக்கத் தொடங்கலாம்.